வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை ஏற்றப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பிக்கப் வைத்து லோடு அடிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பட்டை என்பது பின்பக்கப் பாரத்தைத் தாங்க, அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும் வில் இரும்பு. எனக்கு 14,500 ரூபாயும் பதினோரு நாள் ஓட்டமும் போனது.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து காங்கேயம் களங்களுக்குத் தேங்காய் ஏற்றுகிறேன். வண்டிக்கு ஆர்.சி.யில் 1.3 டன். நான் ஏற்றியது, மறைப்பானேன், பல நாள் இரண்டு டன்னைத் தொட்டது. பின்பக்கம் உட்கார்ந்துவிடும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். திட்டு வாங்காத ராத்திரி கிடையாது.

தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு பட்டறைக்குப் போனேன். "சைடுக்கு ரெண்டு பட்டை சேர்த்துட்டா மலையவே தூக்குமுங்ணா. எல்லாம் கம்பெனி ஐட்டம்" என்றார் பட்டறைக்காரர். எவ்வளவு லோடு, எந்த ரோடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேயே நான் கிளம்பியிருக்க வேண்டும். சாயங்காலம் பார்த்தால் வண்டி நான்கு விரல் உயரத்தில் நின்றது. அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது, பில் கேட்கத் தோன்றவில்லை.

காலி வண்டி அன்றைக்கே குதிக்க ஆரம்பித்தது. பழகிவிடும் என்று விட்டேன். மூன்றாவது வாரம், உடுமலை தாண்டி லோடோடு வரும்போது பின்னால் 'டங்'கென்று ஒரு சத்தம். வண்டி நேராகப் போகாமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் இடதுபக்கத்தில் பட்டை அடுக்கை நடுவில் கோர்க்கிற சென்டர் போல்ட் அறுந்து, ஆக்சில் (சக்கர அச்சு) பின்னால் நகர்ந்து, டயர் மட்கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

வேறொரு மெக்கானிக் கழற்றிக் காட்டினார். கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டினால் உள்ளே கேஸ் கட்டிங் வெட்டு. பழைய லாரிப் பட்டையை அறுத்து, சூடு பண்ணி வளைத்திருக்கிறார்கள். சூடு காட்டின பட்டையை முறையாக டெம்பர் பண்ணாவிட்டால், அதாவது பதப்படுத்தாவிட்டால், வில் தன்மை போய்விடும். கொஞ்ச நாளில் தொங்கும், இல்லையென்றால் விரிசல் விடும். கனமும் ஒரிஜினலோடு ஒக்கவில்லை. 8 மி.மீ. பட்டை 10 மி.மீ. ஆனாலே விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். காலி வண்டி குதித்ததற்குக் காரணம் அதுதான். பட்டைக் கட்டை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கிற யூ போல்ட்டும் பழசு. பட்டைக் கட்டு கனமானதும் நீளம் பத்தாமல், நட் பாதி மரைதான் பிடித்திருந்தது. அது தளர்ந்து, மொத்தப் பாரமும் சென்டர் போல்ட்டில் விழுந்திருக்கிறது.

வயிற்றைக் கலக்கியது இதெல்லாம் இல்லை, பிரேக். என் வண்டியில் ஆக்சிலுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு கம்பியோடு லோடு வால்வு இருக்கிறது. லோடு ஏறி சேஸி தாழ்ந்தால்தான் பின்சக்கரத்துக்கு பிரேக் பிரஷர் கூடும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு அந்தக் கம்பியைத் திருத்தவில்லை. லோடு இருந்தும் வண்டி காலி என்றே வால்வு நினைத்துக்கொண்டிருந்தது. பிரேக் பிடித்தால் தள்ளிப் போய் நிற்கிறதே என்று நான் பிரேக் ஷூவைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்!

இப்போது ஒரிஜினல் செட்டோடு, லோடு ஏறினால் மட்டும் தொடுகிற ஹெல்பர் பட்டை சைடுக்கு ஒன்று. புது யூ போல்ட். 500 கிலோமீட்டர் ஓடியதும் அளவு பார்த்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கினார்கள். வால்வையும் செட் பண்ணினார்கள். லோடை 1.3 டன்னுக்குள் வைத்துக்கொண்டேன். எத்தனை பட்டை சேர்த்தாலும் ஆர்.சி.யில் உள்ள எடை வரம்பு கூடிவிடாது. ஆக்சிலும் சேஸியும் பழையதுதான். ஓவர்லோடில் பிடிபட்டால் 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000மும் அபராதம், அதிகச் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும்.

முதல் பட்டறையில் பணம் கேட்கப் போனேன். "ஓவர்லோடு ஏத்துனா நான் என்னங்ணா பண்றது, பில் இருக்குதா?" என்றார். பாதி நியாயம்தான், பதில் சொல்ல முடியவில்லை. கழற்றின நாலு பட்டையும் எங்கள் தோப்பில் கிடக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம், பெயின்ட் சுரண்டின இடம் அப்படியே இருக்கிறது.