நாயா, சிம்பன்சியா?
மனிதனை விண்வெளிக்கு அனுப்புமுன் சோவியத் நாடு நாய்களை அனுப்பியது, அமெரிக்கா சிம்பன்சிகளை. உடம்பு தாங்குமா என்று அறிய நாயே போதும். அங்கே கை வேலை செய்யுமா என்றால், என் கணிப்பில் சிம்பன்சிதான்.

மாஸ்கோ தெருநாய்களைத் தேடிப் பிடித்தார்கள். குளிரும் பசியும் பழகிய உடம்பு. 1957-இல் போன லைகா திரும்ப வழியே வைக்கப்படவில்லை. சில மணி நேரத்தில் வெப்பத்தில் இறந்தது. நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. 1960 ஆகஸ்டில் பெல்கா, ஸ்ட்ரெல்கா உயிரோடு இறங்கின. நான்காவது சுற்றில் பெல்கா வாந்தி எடுத்ததும் முதல் விண்வெளி மனிதர் ககாரினுக்கு ஒரே சுற்று என்று முடிவாக ஒரு காரணம்.

1961 ஜனவரி 31-இல் பறந்த ஹாம் என்ற சிம்பன்சிக்கு வேலை இருந்தது: நீல விளக்கு எரிந்ததும் நெம்புகோலைத் தள்ள வேண்டும், தவறினால் பாதத்தில் மின்னதிர்ச்சி. நடுவில் கலத்தின் காற்றழுத்தம் இறங்கியது. தனி உறைக்குள் இருந்ததால் பிழைத்தது. கை வேகம் தரையில் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைந்தது. மே மாதம் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர் ஷெப்பர்ட் பறந்தார்.

நவம்பரில் பூமியைச் சுற்றிய ஈனோஸ் என்ற சிம்பன்சியின் பாடுதான் கொடுமை. கருவி பழுதாகி, சரியாகச் செய்தபோதும் அதிர்ச்சி பாய்ந்தது. அப்படியும் அது சரியான நெம்புகோலையே இழுத்துக்கொண்டிருந்தது.