ஒசூர் சிப்காட் மேன்பவர் ஏஜென்சிகள்: வேலை உடனே கிடைக்கும், சம்பளம் நகராது

பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை பக்கமிருந்து ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து ஒசூருக்கு வருபவர்கள் பலர் முதலில் ஏறும் படி, கம்பெனிகளுக்கு ஒப்பந்தத்தில் ஆள் அனுப்பும் மேன்பவர் ஆபீஸ்தான். ஆள் சேர்ப்பதில் குறை சொல்ல முடியாது. ஆதார், பேங்க் பாஸ்புக், மார்க் ஷீட் நகல் இருந்தால் போதும், சீக்கிரமே கம்பெனி கேட்டுக்குள் போய்விடலாம். ஹாஸ்டல், ஷிஃப்ட் பஸ்ஸும் பெரும்பாலும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இதற்கு 5-க்கு 4. சம்பளத்துக்கு 2 தருவதே அதிகம்.

'16,000 சி.டி.சி.' (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று சொன்னால் அதையே சம்பளம் என்று நம்பிவிடாதீர்கள். கம்பெனி பங்கான பி.எஃப். 13 சதவீதமும் (நிர்வாகக் கட்டணம், இன்சூரன்ஸ் சேர்த்து), இ.எஸ்.ஐ. 3.25 சதவீதமும் அதற்குள் இருக்கும். முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். கட்டுவதாக வைத்தால் உண்மைச் சம்பளம் 13,763. உங்கள் பங்கு 12 சதவீதமும் 0.75 சதவீதமும் போகக் கைக்கு வருவது 12,008. போனஸ் 8.33 சதவீதத்தையும் சி.டி.சி.க்குள் திணித்திருந்தால் 11,205தான். ஹாஸ்டல், கேன்டீன் பிடித்தம் தனி.

ஓ.டி.க்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, சட்டப்படி இரட்டிப்புக் கூலி. 13,763-ஐ 26 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 66, ஓ.டி.க்கு 132 வர வேண்டும். சிங்கிள் ரேட்டில் போட்டால் 20 மணி நேரத்துக்குச் சுமார் 1,320 ரூபாய் போச்சு. சம்பளச் சீட்டில் ஓ.டி. மணி தனி வரியில் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

நாலு ஆபீஸ் ஏறி இறங்கினாலும் ரேட் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆளுக்கு இவ்வளவு என்று தீர்மானிப்பது கம்பெனி. ஏஜென்சிகள் போட்டி போடுவது தங்கள் சர்வீஸ் சார்ஜில். உங்கள் கூலியில் இல்லை.

ஆள் தட்டுப்பாடு வந்தாலும் சம்பளம் ஏறாமல் 'ஜாயினிங் போனஸ்' மட்டும் ஏன் முளைக்கிறது? 200 பேர் இருக்கும் லைனுக்கு இன்னும் 20 பேர் வேண்டும், 500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால்தான் வருவார்கள் என்று வையுங்கள். புதியவருக்கு ஏற்றினால் பழையவரும் கேட்பார். 220 பேருக்கும் சேர்த்து மாதம் 1,10,000. அதாவது புதிய ஆள் ஒருவருக்குக் கூடுதல் செலவு 500 இல்லை, 5,500. ஒரு தடவை போனஸ் என்றால் கணக்கு அந்த 20 பேரோடு முடிகிறது. 'கூலியை ஏற்றினால் வேலை போய்விடும்' என்ற மிரட்டலும் எப்போதும் உண்மையில்லை: 1992-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி 4.25 டாலரிலிருந்து 5.05 ஆனபோது துரித உணவகங்களில் வேலை குறையவில்லை என்று பொருளாதார ஆய்வாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் கண்டார்கள்.

பேரம் பேச உங்களுக்கு இருக்கும் ஒரே பலம், விட்டுப்போக முடிவது. எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பக்கம் என்ன தருகிறார்கள் என்று விசாரித்து, பஸ் செலவைக் கழித்துப் பாருங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். ஹாஸ்டல் ஏஜென்சியுடையது என்றால் வேலையை விடும் அன்றே அறையும் போகும், அதனால் இரண்டாம் மாதத்திலேயே நண்பர்களோடு தனி அறை பார்ப்பது நல்லது. ஏஜென்சி மாறினால் பழைய யு.ஏ.என். எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுங்கள். புது எண் போட்டுவிட்டால் பி.எஃப். இரண்டு கணக்காகப் பிரியும், பென்ஷனுக்கான சர்வீஸைச் சேர்க்க அலைய வேண்டிவரும். இ.எஸ்.ஐ. எண்ணும் அப்படியே: ஆறு மாதக் கணக்கில் 78 நாள் பங்கு கட்டியிருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை. பங்கு கட்டியிருக்கிறார்களா என்று பி.எஃப். பாஸ்புக்கை உமங் செயலியில் மாதாமாதம் திறந்து பார்த்துவிடுங்கள்; சீட்டில் பிடித்தம் இருந்தும் பாஸ்புக்கில் வரவில்லை என்றால் அந்த மாதமே எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.