இரத்த அழுத்தமானியும் நாற்பது பக்க நோட்டும்: பதினெட்டு மாத அனுபவம்

தம்புச்செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிப்பது என் வேலை, வீடு திருவொற்றியூரில். பதினெட்டு மாதங்களுக்கு முன் என் இரத்த அழுத்தம் 150/96 என்று பார்த்த மருத்துவர், மாத்திரையைத் தொடங்கிவைத்து, வீட்டிலும் அளந்து குறித்துவரச் சொன்னார். அன்று மேற்கையில் பட்டை கட்டும் டிஜிட்டல் கருவி ஒன்றை வாங்கினேன்.

முதல் மாதம் அந்தக் கருவியே எனக்கொரு மன அழுத்தமாகிவிட்டது. அளவு கூடினால் பயம், பயத்தோடு மறுபடி அளந்தால் இன்னும் கூடுதல் என்று ஒரே இரவில் ஏழு முறை அளந்ததுண்டு. வெல்க்ரோ பிரியும் சத்தம் கேட்டாலே என் மனைவி, "மறுபடியுமா? கையைக் கொஞ்சம் சும்மா விடுங்களேன்" என்பார். டீ குடித்து அரை மணி நேரமாவது கழிந்தபின், முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும் என்பதைக் கற்ற பிறகே எண்கள் நிலைப்பட்டன.

ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில், அதற்கு முன் என்ன செய்தேன் என்று ஒரு வரி எழுதத் தொடங்கியதுதான் உண்மையான பயன் தந்தது. கப்பலின் கட்-ஆஃப் நாட்களில், அதாவது ஆவணங்களை ஒப்படைக்கும் கடைசிக் கெடு நாட்களில்தான், அழுத்தம் ஏறும் என்று நம்பியிருந்தேன். நோட்டோ நேர்மாறாகச் சொன்னது. அந்த நாட்களில் இரவாகிவிடுவதால் பைக்கை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு, 2021-இல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவில் மண்ணடியிலிருந்து வீடு திரும்புவேன்; அளவு 130-ஐ ஒட்டியே இருக்கும். மாலையில் எண்ணூர் விரைவுச்சாலை வழியாகப் பைக்கில் வந்த நாட்களிலோ 145-க்குக் குறைந்ததில்லை. பிறகு கவனித்தேன்: காசிமேட்டைத் தாண்டி இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நுழையும்போதெல்லாம் பல்லைக் கடித்து, தோளைத் தூக்கி, மூச்சையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆபத்தென்று உடல் உணர்ந்ததும் அட்ரினலின் சுரந்து, துடிப்பு கூடி, இரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. வீட்டுக்கு வந்தபின்னும் அது உடனே தணிவதில்லை.

இப்போது மெட்ரோவில்தான் போகிறேன். இருக்கை கிடைத்தால், நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுகிறேன். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு மட்டுப்படுகிறது. பத்து நிமிடத்தில் அளவு ஆறேழு புள்ளி இறங்குவதைக் கண்டிருக்கிறேன். அது தற்காலிகமே என்பதால் மாத்திரையை நிறுத்தவில்லை. இதற்கென்று நான் முயன்ற கைப்பேசிச் செயலி, மூன்று வாரமாக 'உங்கள் தொடர் முறிந்துவிட்டது' என்று மிரட்டியதோடு சரி.

அப்பா இறந்த மாதத்தில் இந்த மூச்சு எதற்கும் உதவவில்லை. இரண்டு வாரம் தூக்கமில்லாமல் கிடந்தபின் 14416 என்ற டெலிமானஸ் இலவச எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, அழைத்தேன். எதிர்முனையில் இருந்தவர் தமிழில் பொறுமையாகக் கேட்டு, மருத்துவரைப் பார்க்க வழி சொன்னார்.

கருவியில் இன்றைய குறை ஒன்றுதான்: வெல்க்ரோவில் பஞ்சு படிந்து, காற்று ஏறும்போது பட்டை நழுவுகிறது. பட்டையை மட்டும் மாற்ற முடியுமா என்று நைனியப்ப நாயக்கன் தெருவில் இந்தச் சனிக்கிழமை விசாரிக்க வேண்டும்.