பெற்றோரோடு டோக்கியோவிலிருந்து ஒருநாள் பயணம்: நிக்கோவா, ஹகோனேவா, கமகுராவா?

டோக்கியோவின் நிஷிகசாயில் குடியிருக்கும் நம்மவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் முதல் வாரம் அசாகுசா, ஸ்கைட்ரீ என்று ஓடிவிடும். அதன் பிறகு எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். ஒருநாள் வெளியூர் போய்வரலாம், ஆனால் எங்கே? போன வருடம் இலையுதிர்காலத்தில் என் பெற்றோர் கும்பகோணத்திலிருந்து வந்து மூன்று மாதம் தங்கினார்கள். அக்டோபர் கடைசியில் நிக்கோ, நவம்பரில் ஹகோனே, அதன் பிறகு கமகுரா என்று மூன்றுக்கும் அழைத்துப் போனேன். கமகுராவுக்கு மட்டும் இரண்டு முறை. யாராவது கேட்டால் யோசிக்காமல் கமகுரா என்பேன். அதற்கான காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் வலி, சர்க்கரை. அப்பாவுக்கு 74. நன்றாக நடப்பார், ஆனால் இழுப்பு உண்டு. வீட்டில் எல்லாரும் சைவம். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். இருபத்தைந்து வயதில் நண்பர்களோடு போகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அழகில் நிக்கோதான் முதல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜப்பானை ஆண்ட ஷோகன் தொகுகவா இயேயாசு 1616இல் இறந்தார். அடுத்த வருடம் அவரை இங்கே கொண்டுவந்து தெய்வமாக்கினார்கள். இன்று நாம் பார்க்கும் தோஷோகு கோயிலின் பெரும்பகுதி அவருடைய பேரன் 1636இல் எடுத்துக் கட்டியது. யோமெய்மோன் வாசலில் மட்டும் 508 சிற்பங்கள். தாராசுரம் தூண்களின் குட்டிக்குட்டிச் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்த அம்மா அந்த வாசலை விட்டு நகரவே இல்லை. "மரத்துலயா இவ்வளவும்?" என்று நாலு தடவை கேட்டாள். அங்குள்ள மூன்று குரங்குச் சிற்பமும் தூங்கும் பூனைச் சிற்பமும் எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. பூனையைத் தாண்டினால் சமாதிக்கு 207 கல்படிகள். அம்மா கீழேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவும் நானும் ஏறினோம்.

நிக்கோ சாப்பாட்டில் யுபாவைச் சொல்ல வேண்டும். சோயா பாலைக் காய்ச்சும்போது மேலே படிகிற ஆடைதான் அது. கியோட்டோவில் ஓரத்திலிருந்து ஒற்றையாக எடுப்பார்கள். நிக்கோவில் நடுவில் குச்சியைக் கொடுத்துத் தூக்குவதால் இரட்டையாக மடிந்து தடிமனாக வரும். பாலாடை பிடிக்கும் யாருக்கும் இது பிடிக்கும். ஆனால் அதை ஊறவைக்கும் சாற்றில் பெரும்பாலும் மீன் இருக்கும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கோயிலோடு திரும்பியிருந்தால் நிக்கோவைப் பற்றி நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், சூசென்ஜி ஏரியையும் பார்த்துவிடலாம் என்று மதியம் பஸ் ஏறினோம். ஏரி 1,269 மீட்டர் உயரத்தில். மலைப்பாதைக்கு இரோஹாசாகா என்று பெயர். ஏறவும் இறங்கவும் தனித்தனிச் சாலை, இரண்டிலும் சேர்த்து 48 கொண்டைஊசி வளைவுகள். ஜப்பானிய அரிச்சுவடியின் 48 எழுத்தும் வளைவுக்கு ஒன்றாகப் பலகையில் இருக்கும். இலை சிவக்கும் காலத்து ஞாயிற்றுக்கிழமை அது. முக்கால் மணி நேரத்தில் போக வேண்டிய பஸ் இரண்டரை மணி நேரம் ஊர்ந்தது.

மூன்றாவது வளைவிலோ நான்காவதிலோ அம்மா என் கையைப் பிடித்தாள். "பாத்ரூம் போகணும்டி." முன்னால் கார் வரிசை, பின்னாலும் கார் வரிசை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஓட்டுநரிடம் போய்க் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். இறக்கிவிட இடமில்லை என்பது எனக்கும் தெரிந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே மலை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. பஸ்ஸில் எல்லாரும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். அம்மா ஒரு மரத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் கெகோன் அருவி 97 மீட்டர் உயரம் என்பார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது, சத்தம்தான் கேட்டது. முன்பதிவு செய்திருந்த விரைவு ரயிலும் போய்விட்டது. சாதாரண ரயிலில் மாறிமாறி வீடு சேர்ந்தபோது பத்து மணி தாண்டியிருந்தது.

அன்று இரவுதான் எனக்கு உறைத்தது. வயதானவர்களோடு போகும்போது பார்க்க என்ன இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. 'போதும்' என்று அவர்கள் சொன்ன நிமிடத்தில் திரும்ப வழி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. செலவும் தூரமும்கூட அதற்குப் பிறகுதான்.

ஹகோனே பற்றி நான் கொஞ்சமாகத்தான் சொல்ல முடியும். ஒரே ஒரு முறை, அதுவும் மேகம் மூடிய நாளில் போனது. ஃபூஜி மலை தெரிந்திருந்தால் என் மனமே மாறியிருக்கலாம். ஷின்ஜுகுவிலிருந்து ரொமான்ஸ்கார் ரயில் சொகுசாக ஒன்றரை மணிக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்துதான் சுற்று தொடங்கும். முன்னும் பின்னுமாகத் திசை மாற்றி ஏறும் மலை ரயில், பிறகு கேபிள் கார், பிறகு ரோப்வே, பிறகு ஆஷி ஏரியில் கப்பல், பிறகு பஸ். இளைஞர்களுக்கு இந்த மாறி மாறி ஏறுவதே விளையாட்டு. அம்மாவுக்கு ஒவ்வொரு மாற்றமும் ஒரு படிக்கட்டு, ஒரு வரிசை. காற்று பலமாக இருந்தால் ரோப்வே ஓடாது. அப்போது எல்லாரும் பஸ்ஸுக்குத்தான் போக வேண்டும்.

ஓவாகுதானியைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எரிமலைப் பள்ளம். கந்தகப் புகை நிலத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும். அந்த வெந்நீரில் அவித்த கருப்பு முட்டையைத் தின்றால் ஏழு வருடம் ஆயுள் கூடும் என்று விற்பார்கள். ஆஸ்துமா, இதயக்கோளாறு உள்ளவர்கள் கவனமாக இருக்கும்படி எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. அப்பா இறங்கிய ஐந்தாவது நிமிடம் இருமத் தொடங்கினார். மருந்தை உறிஞ்சவைத்து அடுத்த வண்டியிலேயே கிளம்பிவிட்டோம். வீட்டில் இழுப்புக்காரர் இருந்தால் ஓவாகுதானிப் பக்கமே போக வேண்டாம்.

இன்னொன்று, ஹகோனேயின் உயிரே வெந்நீர்க் குளியல்தான். உடையில்லாமல் பொதுத்தொட்டியில் இறங்குவதற்கு நம் அம்மாக்கள் எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? என் அம்மா காலை மட்டும் நனைக்கும் ஆஷியுவில் அரைமணி உட்கார்ந்தாள். முழங்காலுக்கு இதமாக இருந்ததாம். அன்றைக்கு அவளுக்குப் பிடித்தது அது ஒன்றுதான். இந்த வண்டிகளுக்கெல்லாம் சேர்த்து வாங்கும் ஹகோனே பாஸும் இரண்டு நாளிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு ராத்திரி தங்கி, தனிக்குளியலறை உள்ள அறை எடுத்துப் பார்க்க வேண்டிய ஊர் அது என்று தோன்றுகிறது.

இனி கமகுரா. நிஷிகசாயிலிருந்து மெட்ரோவில் வந்து ஓத்தேமாச்சியில் இறங்கி நிலத்தடியிலேயே நடந்து டோக்கியோ நிலையத்தின் யோகோசுகா லைன் மேடைக்குப் போய்விடலாம். ஆழத்தில் இருக்கும், ஆனால் லிஃப்ட் உண்டு. அங்கிருந்து மாறாமல் ஒரு மணி நேரம், டிக்கெட் ஏறக்குறைய ஆயிரம் யென். கூடுதலாகக் கொடுத்து க்ரீன் கார் என்ற உயர்வகுப்புப் பெட்டி எடுத்தால் சாய்வு இருக்கையும் மடக்குமேசையும் கிடைக்கும். இட்லியும் மிளகாய்ப்பொடியும் எடுத்துப்போனால் யாருக்கும் சங்கடமில்லாமல் அங்கே சாப்பிடலாம். சாதாரணப் பெட்டியில் அப்படி டப்பாவைத் திறக்க எனக்கு மனம் வராது. முன்பதிவு கிடையாது. எந்த நேரத்து வண்டியிலும் ஏறலாம், எந்த நேரத்து வண்டியிலும் திரும்பலாம். ராத்திரி வரை ஒரு மணிக்குப் பல வண்டிகள் இருக்கின்றன. என் முதல் கேள்விக்கு இந்த ஊர் மட்டும்தான் முழுசாகப் பதில் சொன்னது.

கமகுரா நிலையத்திலிருந்து எனோதென் என்ற குட்டி ரயில். 1902இல் ஓடத் தொடங்கியது, மொத்தமே பத்து கிலோமீட்டர். வீட்டுக் கொல்லைப்புறங்களை உரசுவதுபோல் போகும். துணி காய்வதும் தொட்டிச்செடி வைத்திருப்பதும் ஜன்னலிலிருந்து தெரியும். மூன்றாவது நிறுத்தம் ஹாசே. அங்கிருந்து பெரிய புத்தருக்குப் பத்து நிமிட நடை. நடைபாதை குறுகல்தான், ஆனால் சமதரை. புத்தர் இருக்கும் கோதோகு இன் கோயில் வளாகத்திலும் படி ஏறும் வேலை இல்லை. கழிப்பறை பக்கத்திலேயே இருக்கிறது.

அந்தப் புத்தர் 1252இல் வார்க்கத் தொடங்கியவர். பதினொன்றரை மீட்டரை ஒட்டிய உயரம், 121 டன் எடை. முன்பு மேலே மண்டபம் இருந்தது. 1498 சுனாமி அதை அடித்துப்போனதாகச் சொல்கிறார்கள். அதிலிருந்து வெயிலிலும் மழையிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். "நாகப்பட்டினம் மாதிரியா?" என்றாள் அம்மா. ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

50 யென் கொடுத்தால் சிலையின் உள்ளேயே போகலாம். அப்பா முப்பது வருடம் பாத்திரக்கடையில் இருந்தவர். உள்சுவரில் கையை வைத்துத் தடவினார். கட்டம் கட்டமாகக் கோடு ஓடுகிறது. "ஒட்டு தெரியுது பாரும்மா. ஒரே வார்ப்பு இல்ல. கீழேருந்து அடுக்கடுக்கா ஊத்திக்கிட்டே போயிருக்காங்க. நம்ம சுவாமிமலைல மெழுகு அச்சு வேற வழி." வெளியே வந்து அம்மாவிடமும் அதையே கையை ஆட்டி விளக்கினார். நிக்கோவின் 508 சிற்பங்களும் அப்பாவை அப்படிப் பேசவைக்கவில்லை.

அதே வளாகத்தில் இலங்கையின் ஜெயவர்த்தனேவுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1951இல் சான்ஃபிரான்சிஸ்கோ மாநாட்டில் ஜப்பானிடம் இழப்பீடு கேட்கமாட்டோம் என்று சொன்னவர் அவர். பகை பகையால் தணியாது, அன்பால்தான் தணியும் என்ற புத்தரின் வாக்கை அங்கே எடுத்துச் சொன்னார். ஜப்பான் அதை மறக்கவில்லை. அவர் ஜனாதிபதியாக இருந்தபோதுதான் 1983 ஜூலையில் தமிழர்கள் மீதான வன்முறையும் நடந்தது. அப்பா கல்லை இரண்டு முறை படித்தார். "இதை அவருக்கே யாராவது திருப்பிச் சொல்லியிருக்கணும்" என்றார். வேறெதுவும் பேசவில்லை. தமிழர்கள் போனால் அந்தக் கல்லைப் பார்க்காமல் வராதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மூன்று ஊரிலும் சைவக்காரருக்குச் சிக்கல் தாஷி என்ற அடிப்படைச் சாறுதான். சோபா, உதோன் நூடுல்ஸின் சாறு, தோஃபு மேல் ஊற்றும் குழம்பு எல்லாவற்றிலும் கத்ஸுவோ மீன் சீவல் போட்ட தாஷி இருக்கும். கண்ணுக்கு மீன் தெரியாது. "கத்ஸுவோ தாஷி ஹைத்தே இமாஸ்கா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கத்தான் வேண்டும். கமகுராவில் ஒரு வழி இருக்கிறது. 1253இல் நிறுவிய கெஞ்சோஜி மடத்தில்தான் கெஞ்சின் ஜிரு என்ற சூப் பிறந்தது என்பார்கள். முள்ளங்கி, கேரட், கோபோ வேர், தோஃபு, சேப்பங்கிழங்கு எல்லாவற்றையும் எள்ளெண்ணெயில் வதக்கி வேகவைப்பார்கள். மடத்து முறையில் மீன் கிடையாது, கடற்பாசியும் காளானும்தான் சாறு. கிதாகமகுரா பக்கம் ஒரு சின்னக் கடையில் விசாரித்துவிட்டுச் சாப்பிட்டோம். அம்மா கிழங்கை எடுத்து, "இது நம்ம சேப்பங்கிழங்கேதான், கொழகொழப்புகூட மாறல" என்றாள். இரண்டாவது கிண்ணமும் வாங்கினாள். ஆனால் எல்லாக் கடையும் மடத்து முறையில் செய்வதில்லை, கேட்டுவிட்டு உட்காருங்கள்.

குறைகளும் சொல்லிவிடுகிறேன். ஜூனில் ஹைட்ரேஞ்சா பூக்கும் வாரங்களில் எனோதெனில் கால்வைக்க இடமிருக்காது. 14 நிமிடத்துக்கு ஒரு வண்டிதான், பெட்டியும் சிறிது. விடுமுறையில் போனால் காலை ஒன்பதுக்குள் ஹாசேயில் இருங்கள், இல்லையென்றால் டாக்ஸி எடுங்கள். ஹச்சிமான்கு கோயிலில் சந்நிதிக்கு 61 படிகள் ஏற வேண்டும். அம்மா கீழிருந்தே கும்பிட்டாள். யுயிகஹாமா கடற்கரையில் சாப்பாட்டை வெளியே எடுக்காதீர்கள். பருந்துகள் பின்னாலிருந்து பாய்கின்றன. எங்களுக்குப் பக்கத்தில் நின்ற குழந்தையின் கையிலிருந்து ரொட்டி போனதை நான் பார்த்தேன், இறக்கை அவன் காதை உரசியது.

முதல் முறை போனபோது இரண்டரை மணிக்கு அம்மா, "போதும்மா, கால் கெஞ்சுது" என்றாள். மடமெல்லாம் பார்க்கவே இல்லை. அதைப் பற்றிக் கவலைப்படாமல் கிளம்பினோம். ஐந்து மணிக்கு வீட்டில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் கழித்து, மிச்சத்தைப் பார்க்கலாமா என்று அம்மாவே கேட்டாள். கெஞ்சோஜியும் அந்தச் சேப்பங்கிழங்கும் அன்றைக்குக் கிடைத்தவை.

வரும் வசந்தத்தில் மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். மாமியார் தினமும் நாலு கிலோமீட்டர் நடப்பவர், படியெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. அவர்களை நிக்கோவுக்குத்தான் அழைத்துப் போகப்போகிறேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஏரிக்கரையில் ஒரு ராத்திரி தங்க இப்போதே அறை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.