ஈஸ்டர் முட்டை: தேடவிடுவதா, சாயம் போடவிடுவதா?

வீட்டுக்குள்ளேயே குட்டிக் குழந்தைக்கு ஈஸ்டர் விளையாட்டு ஏதாவது வைக்கலாம் என்று யோசித்தால், கடைசியில் இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்போம்: முட்டை தேடுவது, இல்லையென்றால் அவித்த முட்டைக்குச் சாயம் போடுவது. போட்டோவுக்குச் சாயம்தான் அழகு. ஆனால் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தை என்றால் என் ஓட்டு தேடலுக்குத்தான்.

சாயத்துக்கு, சூடான நீரில் உணவு நிறமும் வினிகரும் கலந்து முட்டையை ஊறவைக்க வேண்டும். வினிகரில் உள்ள அமிலத்தால்தான் ஓட்டில் நிறம் நன்றாகப் பிடிக்கிறது. பளிச்சென்ற நிறம் வேண்டுமென்றால் ஐந்து நிமிடமாவது ஆகும். சிக்கலே அங்கேதான். அந்த ஐந்து நிமிடத்தில் கிண்ணத்துக்குள் கை போகும், கை சட்டைக்குப் போகும், அப்புறம் சோபாவுக்கு. முடிவில் முட்டையை முக்கி எடுப்பது பெரியவர்களாகத்தான் இருப்போம். வாண்டு எப்போதோ ஓடிப்போயிருக்கும். அந்த முட்டையைச் சாப்பிடுவதாக இருந்தால் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கவும் கூடாது.

தேடலுக்கு எட்டுப் பத்து பிளாஸ்டிக் முட்டையும் ஒரு கூடையும் போதும். ஆனால் ஒளித்துவைக்கப் போகாதீர்கள். நாற்காலி மேல் ஒன்று, செருப்புக்குள் ஒன்று, தலையணை ஓரத்தில் பாதி தெரிகிற மாதிரி ஒன்று, அவ்வளவுதான். இந்த வயதில் கண்டுபிடிப்பதைவிட, எடுத்துக் கூடையில் போடுவதும் மொத்தமாகக் கவிழ்ப்பதும்தான் குஷி. கவிழ்த்ததையே திரும்ப வைத்தால் இரண்டாவது ஆட்டம் தயார். அண்ணனோ அக்காவோ இருந்தால் நிறம் பிரித்துவிடுங்கள்: மஞ்சள் முழுக்கச் சின்னவருக்கு. இல்லாவிட்டால் பெரியது ஒரே நிமிடத்தில் எல்லாவற்றையும் வாரிவிடும்.

உள்ளே என்ன போடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். ஜெல்லி மிட்டாய், நாணயம், குட்டிப் பொம்மை எதுவும் வேண்டாம். டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்குள் தொண்டையில் சிக்கலாம். பிளாஸ்டிக் முட்டையைத் திறந்து, ஒரு பாதியையும் அந்தக் குழாயில் வைத்துப் பாருங்கள். காலி முட்டையே போதும். திறந்து மூடுவதே தனி விளையாட்டு.

தட்டில் அரிசியைக் கொட்டி முட்டையைப் புதைத்துத் தேடவிடுவதும் உண்டு. எதையும் வாயில் போடும் குழந்தைக்கு அது சரிவராது, கூட்டிப் பெருக்குவதும் உங்கள் தலையில்தான். அரிசிக்குப் பதிலாக, நீரில் ஊறிப் பெருகும் ஜெல் மணிகளை மட்டும் தொடவே வேண்டாம். விழுங்கிவிட்டால் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும்.

சாயம் போட்டே ஆகவேண்டும் என்று மனசு கேட்கவில்லையா? மூடியுள்ள டப்பாவில் ஒரு கைப்பிடி அரிசி, சில துளி உணவு நிறம், அவித்த முட்டை ஒன்று. இறுக்கி மூடிக் குழந்தையின் கையில் கொடுத்துக் குலுக்கச் சொல்லுங்கள். முட்டை புள்ளி புள்ளியாக வெளியே வரும். காத்திருக்க வேண்டியதில்லை, சத்தமும் வருகிறது, வேலையைக் குழந்தையே செய்கிறது. ஓடு விரிசல் விட்டால் விடட்டும்.

கிண்ணச் சாயத்தை மூன்று, மூன்றரை வயதில் எடுத்துக்கொள்ளலாம், பழைய சட்டை ஒன்றைக் குழந்தைக்கும் இன்னொன்றை உங்களுக்கும் மாட்டிக்கொண்டு.