காரைக்குடிப் பக்கம் ஒரு அரசு காசநோய்ப் பிரிவு: ஆறு மாத அனுபவம்

அப்பச்சிக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) போன வாரம் கடைசி காசநோய் மாத்திரை முடிந்தது. ஆறு மாதமாக நடையாய் நடந்த இடம் என்பதால் எழுதுகிறேன். நம்ம வட்டாரத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் யார் இருமிக்கொண்டிருந்தாலும் அவர்கள் வீட்டுக்கு இது பயன்படட்டும்.

முதலில் போனது ஒரு தனியார் கிளினிக். ஒரு மாதம் இருமல் மருந்தும் லெவோஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரையும் கொடுத்தார்கள், ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை. காய்ச்சல் விட்ட மாதிரி இருந்து மறுபடி ஏறியது. அந்த மாத்திரை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும், அதனாலேயே நோய் இருப்பதை மறைத்துவிடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அரசுப் பிரிவில் காலையில் சளி கொடுத்தோம், சாயங்காலமே முடிவு. கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் எந்திரத்தில் போட்டதால், காசநோய்க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா கட்டுப்படாதா என்பதும் கையோடு தெரிந்துவிட்டது. பரிசோதனைக்கும் மருந்துக்கும் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

ஆனால் என் ஐந்து நட்சத்திரம் அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் அப்பச்சி "அதான் நல்லாயிருச்சே, இன்னும் எதுக்கு?" என்று அடம்பிடித்தார்கள். டாக்டரம்மா அதட்டவில்லை, கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார். நுரையீரல் காற்றறைகளில் மேக்ரோபேஜ் என்று காவல் செல்கள் இருக்கின்றன, உள்ளே வரும் கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைத்து, லைசோசோம் என்கிற செரிமானப் பையை அதோடு சேர்த்துக் கரைத்துவிடும். நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் இந்தச் செல்களிடம் சிக்காமல் இருக்க மேலே ஒரு சர்க்கரைப் போர்வையைப் போர்த்திக்கொள்ளும். காசநோய்க் கிருமி அப்படியே நேர்மாறு. விழுங்கவிட்டு உள்ளே போய், இரண்டு பையும் சேரவிடாமல் தடுத்து, காவல்காரனுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். அதன் சுவர் மெழுகு மாதிரி, எளிதில் எதுவும் ஊடுருவாது. பெருகுவதும் மெதுவாகத்தான், இரண்டாகப் பிரியவே கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஆகும். அப்புறம் டி செல்கள் என்கிற இன்னொரு வகை நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து, இன்டர்ஃபெரான் காமா என்கிற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து மேக்ரோபேஜை முடுக்கிவிடும். அப்படியும் சாகாத கிருமியைச் சுற்றி எல்லாச் செல்லும் கூடி வளைத்துக்கொள்ளும், அதுதான் கிரானுலோமா.

"உங்க ஊர் வீட்டுல ரெண்டாங்கட்டுல வருஷக்கணக்கா பூட்டிக் கெடக்குற அறை இருக்குமில்ல ஐயா, அது மாதிரி. உள்ள கிருமி தூங்கிட்டு இருக்கான், வெளிய தெரியல, அவ்வளவுதான். வேகமா பெருகுறது பெரும்பாலும் ரெண்டு மாசத்துல செத்துரும். தூங்குறவனுக்குத்தான் மிச்ச நாலு மாசம்."

அதற்குப் பிறகு அப்பச்சி ஒரு வேளை தவறவிடவில்லை.

மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று முதல் நாளே சொன்னார்கள். சர்க்கரை கூடினால் இந்தக் காவல் செல்களே மந்தமாகிவிடும் என்பதால் அதையும் அவர்களே பார்த்தார்கள். கவுனி அரிசி இனிப்பைக் கொஞ்ச நாள் மறந்துட்டு முட்டை சாப்பிடுங்க என்று நர்ஸ் சொன்னதில் அப்பச்சிக்கு வருத்தம்தான். வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள், என் நாலு வயது மகளுக்கு ஐசோனியாசிட் தடுப்பு மாத்திரையும் தந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கலையா என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு ஒன்று: வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியில் தங்கியிருப்பதற்கு இணையாகக் குணமாகும் என்று 1950களின் கடைசியில் உலகத்துக்குக் காட்டியதே சென்னையில் நடந்த ஆய்வுதான்.

குறை இல்லாமல் இல்லை. காத்திருக்கும் இடம் ஒரு ஒடுங்கிய நடை, பேருக்கு ஒரு ஜன்னல். காற்றில் பரவும் நோய்க்கு மருந்து கொடுக்கிற இடத்தில் இருமுகிறவர்களை இப்படி நெருக்கி உட்கார வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வாசலில் வேப்பமரத்தடி சும்மாதான் கிடக்கிறது, பெஞ்சை அங்கே தூக்கிப் போட ஒரு நாள் போதும். சத்துணவுக்கென்று மாதம் 1000 ரூபாய் வரும், எங்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது.

போகிறவர்கள் ஆதாரும் வங்கிப் புத்தகமும் எடுத்துப் போங்கள். விடியற்காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து காறி எடுக்கிற சளிதான் வேண்டும், எச்சில் உதவாது. முகக்கவசத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.