டிஸ்கார்ட்: ஆடும்போது வாய்ஸ், மற்ற நேரம் டெக்ஸ்ட்

2015-ல் வந்த டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப்பை கேமர்கள் பிடித்துக்கொண்டதற்கு முக்கியக் காரணம் வாய்ஸ் சேனல், அதாவது சேர்ந்தவர்கள் எல்லாரும் பேசிக்கொள்ளும் குரல் அறை. ரிங் கிடையாது, கால் எடுக்கும் வேலை கிடையாது. சேனலைத் தொட்டால் உள்ளே போய்விடலாம். சுடும் ஆட்டங்களில் "பின்னால ஒருத்தன் வர்றான்" என்பதைச் சொல்ல ஒரு நொடி போதும். டைப் செய்யப் போனால் கீபோர்டில் ஆளை நடத்தும் கையை எடுக்க வேண்டும்; என்டர் தட்டுவதற்குள் ஆளே காலி.

ஆனால் வாய்ஸை இன்ஸ்டால் செய்தபடியே விட்டால் எரிச்சல்தான். எல்லார் வீட்டு ஃபேனும் குக்கர் விசிலும் சேனலுக்குள் வரும். பின்னணி இரைச்சலை வடிகட்டும் நாய்ஸ் சப்ரஷன் நிறையத் தடுக்கும், சில சமயம் பேச்சையும் சேர்த்து விழுங்கும். செட்டிங்ஸில் வாய்ஸ் பகுதிக்குப் போய் புஷ்-டு-டாக் (பட்டனை அழுத்தும்போது மட்டும் மைக் திறக்கும்) வைப்பதே உருப்படியான வழி. மவுஸின் பக்கவாட்டு பட்டன் அதற்கு வசதி. பட்டனை விட்டபின் மைக் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதுதான் ரிலீஸ் டிலே; அது முதலில் 20 மில்லிசெகண்டில் இருக்கும். 200 அல்லது 300 ஆக்குங்கள். இல்லாவிட்டால் கடைசி அசை வெட்டுப்பட்டு, "வரல"வா "வர்றான்"ஆ என்று டீம் குழம்பும். ஆட்டத்துக்குள் போனதும் பட்டன் வேலை செய்யவில்லையா? கேம் அட்மினிஸ்ட்ரேட்டராக (விண்டோஸில் கூடுதல் அனுமதியோடு) ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்கார்டையும் அப்படியே திறந்தால் சரியாகிவிடும்.

அடிக்கடி வரும் இன்னொரு புகார்: சேனலில் சேர்ந்ததும் கேம் சத்தம் பழைய ரேடியோ மாதிரி ஆகிறது. இதில் பழி ப்ளூடூத்துக்கு. ஹெட்செட்டின் மைக் ஆன் ஆனதும் அது போன் பேசும் தரத்துக்கு (கால் மோடு) இறங்கிவிடுகிறது. இன்புட்டில் லேப்டாப் மைக்கையோ வயர் மைக்கையோ தேர்ந்தெடுங்கள். தரம் கெடாமல் சத்தம் மட்டும் குறைந்தால், விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் கம்யூனிகேஷன்ஸ் டேபைப் பாருங்கள். மற்ற ஒலிகளை 80% குறைக்கும்படி இருக்கும். எதுவும் செய்யாதே என்று மாற்றுங்கள்.

சேனலின் பிட்ரேட், அதாவது ஒரு நொடிக்கு அனுப்பும் ஒலி டேட்டாவின் அளவு, 64 கேபிபிஎஸ் இருந்தால் பேச்சுக்குத் தாராளம். ஒருவர் இடைவிடாமல் பேசினால் மணிக்கு சுமார் 29 எம்பி. 96-க்கு ஏற்றினால் சிக்னல் சரியில்லாத நண்பருக்குத்தான் கஷ்டம், ஏனென்றால் இந்த அளவு சேனலில் உள்ள எல்லாருக்கும் பொது.

ஆட்டத்துக்கு வெளியே கதை மாறுகிறது. நண்பர்கள் மட்டும் ஆடும் கஸ்டம் ரூமின் ஐடி, பாஸ்வேர்டை வாயால் சொன்னால் பி-யும் டி-யும் ஒன்றாகவே கேட்கும். வாய்ஸ் சேனலுக்கே ஒரு சேட் பெட்டி உண்டு. அதில் போட்டால் எல்லாரும் காப்பி செய்துகொள்வார்கள். மேட்ச் நேரம், யாருக்கு எந்த ரோல் என்பதெல்லாம் தனி டெக்ஸ்ட் சேனலில் இருந்தால்தான் தாமதமாக வருபவருக்கும் தெரியும். இலவசக் கணக்கில் ஒரு மெசேஜுக்கு 2,000 எழுத்து, தாராளமாகப் போதும். குறை தேடலில்தான். தங்கிலீஷில் ஒருவர் 'varen' என்பார், இன்னொருவர் 'varren' என்பார். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. மேட்ச் விவரங்களை சேனலில் 'பின்' (pin) செய்து வைப்பது நல்லது.